டேங்க் கழுவும் பக்கத்தில் ஆறாம் எண்

பெயர்: மு. இளமதி. வயது: 28. தந்தை பெயர்: முனுசாமி. இருப்பிடம்: பள்ளிக்கூடத் தெரு, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். நாள்: 19.07.2024, காலை 11 மணி. யாரும் அழைக்காமல் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில் சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் எழுதியது.

நான் மேற்படி முகவரியில் என் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்கிறேன். சிப்காட்டில் பெயிண்டுக்கான பிசின் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான்கு வருடமாக ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, எப்படிக் கழுவுவது என்கிற செய்முறைகளை எழுதி வைப்பதும் திருத்துவதும் என் வேலை. ஆக, எழுத்து வேலை. ஓர் எழுத்து வேலையில் ஆள் சாக முடியும் என்று ஒன்பது நாளுக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

எங்கள் செய்முறைகள் எல்லாம் நோட்பேடில் அடித்த வெறும் எழுத்துக் கோப்புகளாக இருந்தன. அவற்றை அச்செடுத்து, லேமினேஷன் செய்து, அந்தந்த டேங்க் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். கறை படிந்து பாதி வரி தெரியாது. எனவே எல்லாவற்றையும் இணையப் பக்கங்களாக மாற்றி, கம்பெனிக்குள் இருக்கும் எல்லா கம்ப்யூட்டர் திரையிலும் தெரியும்படி செய்ய வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி மோகன்ராஜ் சார் கடந்த மே மாதம் சொன்னார். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மொத்தம் 41 கோப்புகள்.

அது கடினமான வேலை இல்லை. வெறும் எழுத்தில் சில எளிய குறிகளைச் சேர்த்தால் போதும், ஒரு மென்பொருள் அதை அழகான பக்கமாக மாற்றிவிடும். வரியின் தொடக்கத்தில் ஒரு # குறி போட்டால் அது தலைப்பாகும். சொல்லின் இரு பக்கமும் இரண்டு நட்சத்திரக்குறி போட்டால் தடித்த எழுத்தாகும். எண்ணும் புள்ளியும் போட்டுத் தொடங்கும் வரிகள் பட்டியலாகும். பக்கங்களைப் பார்த்து எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். டேங்க் பக்கம் இரைச்சல் அதிகம், முகத்தில் மாஸ்க் வேறு. ஒடிசா, பீகார், ஆந்திரா என்று பல ஊர் ஆட்கள். எனவே வாக்கி டாக்கியில் யாரும் வாக்கியமாகப் பேசமாட்டார்கள். செய்முறையின் எண்ணை மட்டும் சொல்வார்கள். "மூணு ஓவர்" என்றால் மூன்றாவது வேலை முடிந்தது என்று, இயந்திரங்களை ஓட்டும் பட்டன்கள் உள்ள பேனல் ரூமில் இருப்பவர் புரிந்துகொள்வார். பழைய ஆட்களுக்கு எல்லா எண்ணும் மனப்பாடம்.

டேங்க் கழுவும் செய்முறையில் எட்டு எண்கள். அதில் நான்காவது, நீராவிக் குழாயை மூடுவது. அந்தக் குழாயை 2020இல் எடுத்துவிட்டார்கள். அப்போது நான்காவது வரியை மட்டும் அழித்துவிட்டு, மற்ற எண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்றுக்குப் பிறகு நேராக ஐந்து. ஐந்து, காற்றைச் சோதித்து ஆளை உள்ளே இறக்குவது. ஆறு, உள்ளே கழுவி முடிப்பது. ஏழு, உள்ளே போனவர் வெளியே வந்ததைக் கண்ணால் பார்ப்பது. எட்டு, மோட்டாரின் பூட்டை எடுத்து, உள்ளே இருக்கும் கலக்கும் இறக்கையை ஓட்டிப் பார்ப்பது. இருபது வருடம் டேங்க் வேலை பார்த்த தேசப்பன் அண்ணன்தான் எண்ணை மாற்றக் கூடாது என்றாராம். "நம்பர மாத்துனா பசங்களுக்கு பேஜாராயிடும்" என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

கடந்த ஜூன் மாதக் கடைசியில் நானும் தேசப்பன் அண்ணனும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தோம். அவர் கையில் பழைய லேமினேஷன் தாள், என் எதிரே திரை. அவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் திரையில் ஒப்பிட்டு டிக் செய்தேன். எண்ணையும் சேர்த்துப் படியுங்கள் அண்ணே என்றேன். "நம்பர் இன்னாத்துக்கும்மா, அது எங்க ஓடிப்போவுது?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு வார்த்தைகூட மாறியிருக்கவில்லை. அதன் பிறகு ஜூலை 1ஆம் தேதி பக்கங்கள் திரைக்கு வந்தன. ஒரே செய்முறை இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பது விதி என்பதால், பழைய தாள்களை நானே என் கையால் உரித்து எடுத்தேன்.

சம்பவ நாளான 11.07.2024 வியாழக்கிழமை மூன்றாம் டேங்க்கைக் கழுவினார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியான பாக்கியராஜ், வயது 38, உள்ளே இறங்கியிருந்தார். டேங்க்கின் வாயருகே தேசப்பன் அண்ணன் காவல் நின்றார். மதியம் 2 மணிக்கு ஷிப்ட் மாறியது. பேனல் ரூமில் பார்த்திபன் வந்து உட்கார்ந்தார். இவருக்கு வயது 31, பொதட்டூர்பேட்டைக்காரர், வேறு பிரிவிலிருந்து அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். ஷிப்ட் முடித்துப் போனவர் அவரிடம், "அஞ்சு முடிஞ்சிருக்கு. ஆறு சொல்வாங்க, வெயிட் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். திரையில் ஓர் எழுத்துரு சரியாக வரவில்லை என்று பார்க்கப் போயிருந்த நான், பார்த்திபனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

சுமார் 2.25 மணிக்கு வாக்கி டாக்கியில் தேசப்பன் அண்ணன் குரல் கேட்டது. "மூணாம் டேங்க், ஆறு ஓவர்." பார்த்திபன் உடனே எதையும் தொடவில்லை. அவர் பொறுப்பில்லாத ஆள் இல்லை என்பதை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் திரையில் விரலை வைத்து, வரிவரியாக இறங்கி, ஆறாம் எண்ணில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "மேடம், ஆறுன்னா உள்ள இருந்தவரு வெளிய வந்தாச்சுன்னு தானே?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் ஆறு என்ற எண்ணுக்கு எதிரே, 'உள்ளே இறங்கியவர் வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்கவும்' என்று இருந்தது. நான், "ஆமா, அப்டித்தான் போட்டிருக்கு" என்றேன்.

அதன் பிறகு அவர் சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்து, மோட்டார் பூட்டைத் திறந்து, பக்கத்தில் ஏழாவதாக இருந்தபடி இறக்கையை ஓட்டிப் பார்க்கும் பட்டனை அழுத்தினார். நான்கு நொடி இருக்கும். வாக்கி டாக்கியில் வந்த சத்தம் எண் இல்லை. பார்த்திபன் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்திவிட்டு ஓடினார். நான் ஓடவில்லை. திரையில் இருந்த எழுத்துரு கோளாறையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக்கியராஜை வெளியே எடுக்கும்போது அவர் கையில் துடைக்கும் துணி இருந்தது. கழுவி முடித்துவிட்டு, ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் இடுப்புக்குக் கீழே இருந்ததைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு தேசப்பன் அண்ணன் பார்த்திபனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆறுன்னு தானடா சொன்னேன், ஏழுன்னா சொன்னேன்?" என்று கத்தினார். பார்த்திபன், "ஆறுன்னா வெளிய வந்துட்டாருன்னு தானே அர்த்தம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்டபோதுதான் பக்கத்தில் இருந்த எண்கள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் என் இடத்துக்குப் போய், நான் அடித்த கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. 1, 2, 3, 5, 6, 7, 8. பிறகு பக்கத்தைத் திறந்தேன். அதில் 1, 2, 3, 4, 5, 6, 7 என்று இருந்தது. எண்ணும் புள்ளியும் போட்ட வரிகளைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும் அந்த மென்பொருள், நாம் என்ன எண் போட்டாலும் முதல் எண்ணிலிருந்து தானே வரிசையாக எண்ணிப் போட்டுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வகுப்பிலேயே படித்தது. மற்ற நாற்பது கோப்புகளில் எண் விடுபடவில்லை என்பதால் எதுவும் ஆகவில்லை.

அப்போது மணி 3.05. நான் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் புள்ளிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டேன். சாய்கோடு போட்டால் மென்பொருள் அந்த எண்ணைத் தொடாது. ஏழு வரி, ஏழு சாய்கோடு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் எண்கள் பழையபடி சரியாகிவிட்டன. இதைச் செய்யும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்து டேங்க் கழுவுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் பயந்து செய்தேன் என்பதும் உண்மை. எது எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு மாலை 4 மணிக்குக் காவல்துறையினர் வந்து அந்தத் திரையைப் போட்டோ எடுத்தார்கள். அதில் ஆறு என்றால் கழுவி முடிப்பது, ஏழு என்றால் ஆள் வெளியே வருவது என்று தெளிவாக இருந்தது. மறுநாள் விடியற்காலை பாக்கியராஜ் இறந்துவிட்டார். அன்று என்னை விசாரித்தபோது, நான் எழுத்துருவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். 13ஆம் தேதி பார்த்திபனைக் கைது செய்தார்கள். பக்கத்தில் வேறு மாதிரி இருந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? போட்டோ இருக்கிறதே.

நேற்று 18ஆம் தேதி மதியம் பார்த்திபனின் மனைவி ரம்யா, இடுப்பில் குழந்தையோடு ஆலை வாசலுக்கு வந்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். யாரும் உள்ளே விடவில்லை என்பதால் நான் வெளியே போனேன். "அக்கா, எங்க ஊட்டுக்காரு எத்த படிச்சுட்டு ஆன் பண்ணாரோ, அந்தப் பேப்பர ஒண்ணு எடுத்துக் குடுங்க. வக்கீல் கேக்குறாரு" என்றார். நான் உள்ளே போய் அச்செடுத்து வந்து கொடுத்தேன். இப்போது எந்தப் பக்கம் திரையில் இருக்கிறதோ, நான் திருத்திய அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன்.

அவர் வாசலில் நின்றபடியே அதை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார். முகம் மாறியது. "இவ்ளோ தெளிவா எழுதிகீது. ஏழுல தானே ஆளு வெளிய வராரு? இத்த பாத்துக்கினே ஒரு மனுசன அரைச்சுட்டாரா?" என்றார். "ஒரு வாரமா எல்லாரு கிட்டயும் அவரு மேல தப்பு இல்லன்னு சண்ட போட்டுக்கினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன திசையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காலையில் எழுந்து இங்கே வந்தேன்.

இதைச் சொன்னபோது ஆய்வாளர் முதலில் நம்பவில்லை. எனவே நிலையத்துக் கம்ப்யூட்டரில் அதே மென்பொருளைத் திறந்து, 1, 2, 3, 5 என்று நான்கு வரி அடித்து, பக்கமாக மாற்றிக் காட்டினேன். திரையில் 1, 2, 3, 4 என்று வந்தது. அவர் விரலை வைத்து இரண்டு முறை எண்ணிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். "இதச் சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும், தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சாய்கோடு போடுவதற்கு முன்பு இருந்த கோப்பையும் போட்ட பிறகு இருந்த கோப்பையும், சேமித்த நேரத்தோடு, ஒரு பென் டிரைவில் ஒப்படைத்திருக்கிறேன்.

சம்பவத்தன்று திரையில் இருந்த பழைய பக்கத்தை மறுபடி அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் ஒரு பிரதியை ரம்யாவிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் மடித்து வைத்திருப்பது அவர் கணவர் படித்த தாள் அல்ல. பார்த்திபன் படித்தார், கேட்டார், நான் ஆமாம் என்றேன். இதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். அனுமதித்தால் நானே போய்ச் சொல்கிறேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 12ஆம் தேதி நான் சொன்னது பொய், இன்று சொன்னது மெய்.

(ஒப்பம்)
மு. இளமதி