நாற்பத்தொன்றாவது வாய்தா

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், மேடம். விசாரணைக்கென்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இந்தக் கட்டிடத்தில் எங்கள் சட்டப் பிரிவுத் தண்ணீர்தான் ஜில்லென்று இருக்கும். விசாரணை எங்கே ஓடிவிடப் போகிறது? ஓடாமல் பார்த்துக்கொள்வதுதானே இருபத்திரண்டு வருஷமாக என் வேலை.

மாநகராட்சிமேல் யார் வழக்குப் போட்டாலும் கட்டு என் மேஜைக்கு வரும். வாதாடுவது வக்கீல், வாய்தாவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது நான். பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற ஆள்தான் நான். ஆனால் பேனாவை எடுத்துவிட்டால் நீதிபதியே அடுத்த வருஷக் காலண்டரைத் தேட வேண்டும்.

தையல்காரர் போட்டது சின்ன வழக்கு. வீட்டு வாசலில் சாக்கடைக் குழியின் மூடி உடைந்துவிட்டது. புது மூடி போட உத்தரவிட வேண்டும். மனைவிக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். அவ்வளவுதான் மனு.

மூடியைப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் வழக்கு நடக்கும்போது போட்டால், குழி எங்களுடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

முதல் பதிலில், 'குழி என்பது மனுதாரரின் அபிப்பிராயம்' என்று எழுதினேன். மழைக்காலத்தில், தண்ணீர் நிற்பதால் ஆழம் அளக்க முடியவில்லை என்றேன். கோடையில், தண்ணீரே இல்லை, ஆகவே இது சாக்கடையே அல்ல, சாலைப் பிரிவைக் கேளுங்கள் என்றேன். ஏழாம் பக்கத்தைக் காணவில்லை என்று நான்கு மாதம் ஓட்டினேன், அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். பத்து வாய்தாவுக்கு ஒரு தடவை பிரிவில் எல்லோருக்கும் கேக். நாற்பதாவது கிடைத்த அன்று டைப்பிஸ்ட் அக்கா என் தலையில் காகிதக் கிரீடமே வைத்துவிட்டார். "தம்பி, எமன் வந்து கூப்பிட்டாக்கூட நீ வாய்தா வாங்கிருவே" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

தையல்காரர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். கோர்ட் வராந்தாவில் டீ வாங்கிக் கொடுப்பேன். இந்தப் பேண்ட்டைத் தைத்ததே அவர்தான். இடுப்பை அளக்கும்போது, "வாய்தாவுக்கு வாய்தா ஒரு இஞ்ச் ஏறுறீங்க சார்" என்றார்.

"எல்லாம் உங்க கேக்தான்" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்புறம் மெதுவாக, "சார், இன்னும் எத்தனை தடவை வரணும்? நான் கடையை மூடிட்டு வர்ற சைக்கிள் பெல் கேட்டாப் போதும், அவ எந்திரிச்சு வாசலுக்கு வந்துடுறா. சொன்னா கேக்க மாட்டேங்கிறா" என்றார்.

நான் கொஞ்சம் இளகின மனசுக்காரன். "பெல் அடிக்காம வாங்களேன்" என்று யோசனை சொன்னேன்.

மறுநாள் அடிக்காமல்தான் வந்திருக்கிறார். இன்னும் பெல் சத்தத்தைக் காணோமே என்று பார்க்க அந்த அம்மாள் வாசலுக்கு வந்திருக்கிறார்.

அடுத்த வாரம் நாற்பத்தொன்றாவது வாய்தா. துக்கத்தில் இருக்கும் மனுதாரரைத் தொந்தரவு செய்யலாகாது என்று நானே காரணம் எழுதினேன். நாற்பத்தொன்றில் அது ஒன்றுதான் மனப்பூர்வமாக எழுதியது. அன்று கேக் வாங்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூடி வந்துசேர ஐந்து வருஷமா என்று கேட்கிறீர்கள். வழக்குப் போட்ட மூன்றாம் நாளே வந்துவிட்டது, மேடம். கிடங்கில் கிடந்தால் யாராவது கொண்டுபோய்ப் போட்டுத் தொலைத்துவிடுவார்களோ என்று, நானே ஆள் வைத்து இங்கே உருட்டி வந்தேன். நீங்கள் தண்ணீர் பிடித்தீர்களே, அந்த டிரம்முக்கு அடியில் இருக்கிறது. கெட்டியான இரும்பு. தண்ணீர் இப்படி ஜில்லென்று இருப்பதே அதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

தாராளமாக எடுத்துப்போய்ப் போடுங்கள், எனக்கு ஆட்சேபனையே இல்லை. டிரம்மை வைக்க வேறு இடம் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் ஒரு சின்ன வாய்தா கொடுங்கள்.