சந்திரகலா அம்மாவின் போன் திறந்த தேதி

செங்கம் ரோட்டில் பதினொரு மணிக்கு முன் கடையைத் திறந்து பிரயோஜனமில்லை. ரமணாசிரமத்துக்கு வருகிறவர்கள் தியானம் முடித்து, டிபன் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுத்தான் வெளியே தலைகாட்டுவார்கள். இருந்தும் நான் எட்டரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இந்த ஸ்டேஷன் பெஞ்சிலிருந்தும் நான் மூன்று முறை எழுந்து நடந்தேன், ஏட்டய்யா அதட்டினார். அது திமிர் இல்லை, மேடம். என் உடம்பு அப்படி.

என் பெயர் முருகவேல். வயது நாற்பத்து நான்கு. ஊர் அடி அண்ணாமலை. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சந்திரகலா அம்மா தை மாதக் கடைசியில் கடைக்கு வந்தார். வேலூர்க்காரர். கணவர் போனபின் ஆறு வருஷம் அமெரிக்காவில் மகன் ஆதவனோடு இருந்திருக்கிறார். ஒரு நாள் மகன், "நீ இங்க இருக்கறதே எனக்குப் பாரம்" என்று சொல்லிவிட்டானாம். அடுத்த வாரமே கிளம்பி வந்துவிட்டார். எந்த லாட்ஜில் தங்கியிருக்கிறார் என்றுகூட அவனுக்குச் சொல்லவில்லை. ஊர் மட்டும் தெரியும்.

அவருடைய போனில் நம் ஊர் சிம் வேலை செய்யவில்லை. அங்கே தவணையில் வாங்குகிற போனை அந்த சிம் கம்பெனி தன் சிம்முக்கு மட்டும் என்று பூட்டி வைத்துவிடும். தவணை முடிந்திருந்தால் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். அவர்கள் அங்கிருந்தே பூட்டை எடுத்துவிட்டு மெயில் அனுப்புவார்கள். இந்த ரோட்டில் இதை ஒழுங்காகச் செய்பவன் நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை எழுதிப் போட்டேன். "ரெண்டு நாள் ஆகும்மா, போன் என் கடை வைஃபையிலேயே இருக்கட்டும்" என்றேன். அவர் போனின் ரகசிய எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரேன் தம்பி, இன்னாத்துக்கு இப்படி நின்னுகினே இருக்கே?" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அரை மணி நேரம். என் மனைவி அருணாதேவி பதினோரு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தாள். ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. "உன்னைப் பாத்தாலே எனக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டுப் போளூருக்குத் தாய்வீடு போனவள், திரும்பி வரவில்லை. அவளைக் குறை சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பூட்டு எடுத்தாகிவிட்டது. தேதி வேண்டுமென்றால் போனில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை அந்த அம்மா வந்து, "வந்துட்டுதா தம்பி?" என்று கேட்டபோது, "இன்னும் இல்லம்மா" என்று என் வாயில் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்னதும் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன்பின் தினமும் வந்தார். வேலூர்க் கதை, மாமியார் கதை, அமெரிக்காவில் பனியில் வழுக்கி விழுந்த கதை. கடைசியில் எல்லாக் கதையும் மகனிடம் வந்து நிற்கும். "கோவம் அவனுக்குத்தான் ஜாஸ்தி. ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டான்னா போதும், நான் எல்லாத்தையும் மறந்துடுவேன்" என்பார். அவர் போனபிறகு எனக்குக் கால் தரிக்காது. ஷட்டரை இறக்கிவிட்டு மலையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். பௌர்ணமியும் இல்லை, பக்தியும் இல்லை. நாளைக்கும் வருவாரா என்ற ஒரே கேள்விதான்.

ஆதவனின் செய்திகள் இரண்டாவது வாரம் வர ஆரம்பித்தன. மேசை இழுப்பறைக்குள் போன் அதிரும். "அம்மா, அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுடு." பிறகு, "எங்கம்மா தங்கியிருக்க? ஒரு வார்த்தை சொல்லு." தினமும் நாலைந்து. மற்றவர்களுடைய செய்தியைப் படிப்பது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா, போன் என் கையில் இருக்கும்போது.

நடுவில் போனை எடுத்தால் பூட்டு வேலை கெட்டுவிடும் என்று சொல்லி வைத்திருந்தேன். அந்த அம்மா ஒரு நாள், "நம்பரையாவது எடுத்துக் குடு தம்பி, லாட்ஜ் போன்லேருந்து பேசறேன்" என்றார். யாருக்கு இப்போது நம்பர் மனப்பாடம்? எழுதிக் கொடுத்தேன். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதினேன். மறுநாள் வந்து, "அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு வருது. என்கிட்டேருந்து தப்பிக்க நம்பரையே மாத்திட்டான்" என்று அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் இருந்தார்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை ஆதவன் எழுதியிருந்தான்: "வியாழக்கிழமை எனக்கு ஹார்ட் ஆபரேஷன்மா. பயப்படாத. அதுக்கு முன்னாடி உன் குரலைக் கேக்கணும்." அதோடு விடாமல் அழைப்பு மேல் அழைப்பு. இழுப்பறை அதிர்ந்துகொண்டே இருந்தால் நான் எப்படி வேலை பார்ப்பது? ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

இந்த ஊரில் மௌன விரதம் புதிதில்லை. கழுத்தில் "மௌனம்" என்று அட்டை மாட்டிக்கொண்டு என் கடைக்கே வந்து, சைகையில் சார்ஜர் கேட்கிறவர்கள் உண்டு. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பழைய செய்திகளைப் பார்த்தேன். மகனை அவர் "கண்ணா" என்றுதான் எழுதுவார். நானும் அப்படியே எழுதினேன்: "கண்ணா, ஒரு மண்டலம் மௌன விரதம் எடுத்திருக்கிறேன். பேச மாட்டேன். கூப்பிடாதே. என் ஆசீர்வாதம்." ஆசீர்வாதம் என்று நானாகத்தான் சேர்த்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் உடனே பதில் போட்டான். "சரிம்மா. சாமிகிட்டதானே இருக்க. எனக்காக வேண்டிக்கோ."

அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை மருமகள் தென்றல் எழுதியிருந்தாள்: "அத்தை, அவர் போயிட்டாரு. இதையாவது படிங்க." அன்று காலையும் அந்த அம்மா வந்தார். "இன்னைக்காவது?" என்றார். "இன்னும் ரெண்டு நாள் ஆகும்மா" என்றேன். துக்கச் செய்தியை வெறும் வயிற்றில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? சனி, ஞாயிறு, திங்கள் எல்லாம் அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை தென்றலின் அண்ணன் புகழேந்தி கையில் போட்டோவோடு லாட்ஜ் லாட்ஜாகத் தேடிக்கொண்டு வந்தார். அந்த அம்மா அப்போது என் கடையில் ஆதவன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலில் செருப்பில்லாமல் போன கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். புகழேந்தி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அத்தை, நீங்க பேசறீங்களே."

"பேசாம? நான் எப்பப்பா பேசாம இருந்தேன்?"

"மௌனத்துல இருக்கீங்க, கூப்பிடாதன்னு நீங்கதானே மாப்பிள்ளைக்கு எழுதினீங்க. அவரு அந்த மெசேஜ் இருந்த போனைக் கையில வச்சுகினேதான் ஹார்ட் ஆபரேஷனுக்குப் போனாரு. உயிரோட திரும்பி வரல."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இழுப்பறையைத் திறந்து போனை எடுத்து நீட்டினேன். "ஓப்பன் ஆயிடுச்சும்மா" என்றேன். அவர் வாங்கவில்லை. போன் கீழே விழுந்ததில் திரை விரிசல் விட்டது. அந்த விரிசல் என் கவனக்குறைவு இல்லை.

பூட்டு எடுத்ததை மறைத்தவன் நான். நம்பரை மாற்றி எழுதியவன் நான். அந்தச் செய்தியை அனுப்பியவனும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். லாட்ஜில் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிடக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மகனையும் பறிகொடுத்த இந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். அவருக்காகத்தான் கேட்கிறேன், மேடம், என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.