டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு

இல்ல தம்பி, கம்ப்யூட்டர் ஓடுமா ஓடாதாங்கிறது என் கவலையே இல்ல. ஓட வச்சிடுவீங்க, அது உங்க தொழில். டிஸ்க்கு கருகிப்போச்சு, உள்ள இருந்தது ஒண்ணும் மிஞ்சாதுங்கிறீங்க, அதையும் நான் மறுக்கல. மோந்து பாத்தவளே நான்தான். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. எங்க மாப்பிள்ளை வந்து இதை எடுத்துட்டுப் போவாரு. என்ன ஆச்சுன்னு கேப்பாரு. டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு, தானாப் போச்சுன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான். இல்லன்னா அவரு எங்க வீட்டுப் படி ஏற மாட்டாரு.

பொய் சொல்ல மாட்டீங்களா. நல்ல பழக்கம். கடை வச்சிருக்கிறவங்ககிட்ட அபூர்வம். சரி, இந்த ஸ்டூல்ல உக்காரட்டுமா, முட்டி வலி. நீங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்கு சொல்லிக்கிட்டிருக்கேன்.

உள்ள கரண்டு குடுக்கிற பெட்டி இருக்குல்ல, அந்தப் பழைய பவர் சப்ளை திணறிக்கிட்டே இருந்துச்சு. பொண்ணுகூட வீடியோவுல பேசிக்கிட்டிருப்போம், அவ வாயத் தொறப்பா, படக்குன்னு எல்லாம் இருட்டாயிடும். நாங்கதான் கோவிச்சுக்கிட்டு வச்சிட்டோம்னு அவளுக்கு நெனப்பு. மாப்பிள்ளை வந்து பாத்தாரு. படம் தெளிவாத் தெரியணும்னு புதுசா ஒரு கார்டு போட்டேன்ல அத்தை, அது கரண்டை இழுக்குது, பழசுக்குத் தாங்கல, பெரிய வாட்ஸ்ல ஒண்ணு மாத்திடலாம்னாரு. வாங்கிட்டும் வந்துட்டாரு.

அவரு வேலை செய்யிற அழகப் பாக்கணும் நீங்க. ஆபரேஷன் தியேட்டர் தோத்துச்சு. மொதல்ல சுவத்துலேருந்து வயர உருவுவாரு. சுவிட்ச அணைச்சாப் போதாதான்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாரு. போதாது மாமா, உருவினது கண்ணுக்குத் தெரியணும்பாரு. அப்புறம் பவர் பட்டனக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிப்பாரு, மிச்சம் மீதி இருக்கிற கரண்டு வடியணுமாம். வாட்ச்சக் கழட்டி எங்கிட்ட குடுப்பாரு. பெட்டியோட இரும்பத் தொட்டுட்டுத்தான் உள்ள கைய வைப்பாரு. பழைய பவர் சப்ளையைப் பிரிச்சுப் பாக்கணும்னு வீட்டுக்காரருக்கு ஒரு ஆசை. அதை மட்டும் தொறக்கவே கூடாது மாமா, வயர உருவி ரொம்ப நேரம் ஆனாலும் உள்ளுக்குள்ள கரண்ட வச்சிருக்கும், தொட்டா அடிச்சிடும்னாரு. மனுஷங்கள்லயும் அப்படி இருக்காங்கன்னேன். ரெண்டு பேரும் சிரிக்கல.

வீட்டுக்காரரா? அவரு டார்ச் பிடிப்பாரு. வாரம் பூரா வாயில பூட்டுப் போட்ட மாதிரி இருக்கிற மனுஷன். தண்ணி வந்துச்சா, கதவ சாத்தினியா, இது ரெண்டுதான் எங்கிட்ட பேசுறது. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து கையில டார்ச்சக் குடுத்துட்டா வாய் ஓயாது. இங்க தூசி, அங்க வயர் கோணல்னு.

அந்த வயர்லதான் வினை. டிஸ்க்குக்குப் போற பழைய கேபிள இவரு முன்னாடி ஒரு நாள் உக்காந்து, வளைச்சுக் கட்டி, ஜடை பின்னின மாதிரி வச்சிருந்தாரு. புது பவர் சப்ளையோட கம்பெனிக்காரன் தனியா கேபிள் குடுத்திருக்கான். கூடவே ஒரு காகிதம், செவப்பு எழுத்துல, இதோட வந்த கேபிளத் தவிர வேற எதையும் மாட்டாதீங்கன்னு. மாப்பிள்ளை அதை சத்தமாவே படிச்சாரு. இவரு கேட்டாத்தானே. அவன் கேபிள் விக்கிறதுக்கு அப்படித்தான் எழுதுவான், ப்ளக்கு சேருதுல்ல, சேந்தா விடுங்க, அழகாக் கட்டினத எதுக்குக் கலைக்கணும்னாரு.

சேந்துச்சு. நீங்க இப்ப சொன்னீங்களே, வாய் ஒரே மாதிரி இருக்கும், உள்ள கரண்டு வர்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்னு. அது மாப்பிள்ளைக்கும் தெரியும் தம்பி. அவரு மொகத்தப் பாத்தவ நான். ரெண்டு தடவ கேபிள்லேருந்து கைய எடுத்தாரு. மாமா மொகத்தப் பாத்தாரு. சரி மாமான்னு சொருகிட்டாரு.

முன்னல்லாம் எதிர்த்துப் பேசுறவருதான். வந்த புதுசுல ஒரு குழாய் மாத்துறதுக்கு ரெண்டு பேரும் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டுச்சு. மாமாவாவது மண்ணாங்கட்டியாவதுன்னு ஸ்பேனர வீசிட்டுப் போனாரு. அடுத்த வேளை சோத்துக்குப் பக்கத்துல பக்கத்துல உக்காந்துச்சுங்க. இப்பல்லாம் சண்டை கெடையாது. சரி மாமா, ஆகட்டும் மாமா.

சுவிட்ச் போட்டதும் பெரிய சத்தம்கூட இல்ல. உள்ள யாரோ உச்சுக்கொட்டின மாதிரி. அப்புறம் அந்த நாத்தம். இவரு எரியிற டார்ச்சோட அப்படியே நின்னாரு. மாப்பிள்ளை வயர உருவினாரு, எங்கிட்ட வாட்ச்ச வாங்கிக் கட்டினாரு, தப்பு என்னுதுன்னாரு. இவரு டார்ச்ச அணைச்சாரு. அன்னிக்குப் போன மாப்பிள்ளை, திரும்ப வரல. ஃபோன் பண்ணினா வேலை இருக்கு அத்தைங்கிறாரு. கம்ப்யூட்டரக் கடையில குடுத்திருக்கேன், என்னால தூக்க முடியாது, எடுத்துட்டு வாங்கன்னேன். அதுக்குத்தான் சரின்னாரு.

டிஸ்க்குல என்ன இருந்துச்சா? பெரிசா ஒண்ணும் இல்ல. அவரு கல்யாண ஃபோட்டோ. வேற எங்கயும் இல்ல. அழிச்சிடும்மான்னு எம்பொண்ணு சொல்லிக்கிட்டேதான் இருந்தா. எங்க இருக்குன்னே தெரியலடின்னு நான்தான் தள்ளிப்போட்டேன். இப்பப் போயிடுச்சு, போகட்டும். ஆனா அவரு கையாலயே எரிச்சாருன்னு இருக்க வேணாம் தம்பி.

பொண்ண விட்டு சமாதானம் சொல்லச் சொல்றதா? அவ எப்படி சொல்லுவா? ஓ, நான் சொல்லலையோ. ரெண்டு பேரும் பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளியூர்ல இருக்கா. நல்லா இருக்கா. அந்த மாப்பிள்ளையும் தங்கமானவருதான், அந்தப் பழசத் தூக்கிப் போடுங்க, புது லேப்டாப் அனுப்புறேங்கிறாரு. வேணாம்னுட்டேன். அதுல தொறக்க என்ன இருக்கு, டார்ச் பிடிக்க என்ன இருக்கு? இந்த மாப்பிள்ளை கம்ப்யூட்டர் பாக்கத்தானே வர்றாரு. வேற எதச் சொல்லிட்டு வருவாரு? அவ வீடியோவுல வந்தா, மேசைக்குப் பின்னால போய்க் குனிஞ்சு வயரப் பாத்துக்கிட்டே இருப்பாரு, அவ வைக்கிற வரைக்கும். மாப்பிள்ளையா இருந்தா மாமாகிட்ட சண்டை போடலாம். இப்ப எந்த உரிமையில போடுவாரு, சொல்லுங்க.

சொல்றீங்களா? நல்லா இருப்பீங்க. முழுப் பொய்யும் இல்ல தம்பி, டிஸ்க்கு நெசமாவே பழசுதான்.

என்னது? ஆமா, பின்னாடி இருக்கிற காத்தாடி. ரொம்ப நாளாவே கொரகொரங்குது. சும்மாவே மாத்திக் குடுத்துடுறீங்களா? வேணாம், வேணாம். அதை மட்டும் தொடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேணும்.