பக்கத்து வாசல் ஷூ

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் கம்பெனி ஐடி கார்டு தொங்க இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“அந்த ஷூவுக்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்குதுக்கா.”

“எந்த ஷூ?”

“பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஒரு புள்ள குடி வந்திருக்குதே, அது வாசல்ல ஒரு ஆம்பள ஷூ கழட்டிக் கெடக்குது. அவ செருப்பு தினமும் போகுது, வருது. அது மட்டும் நகர மாட்டேங்குது.”

“புருசனுதா இருக்கும்.”

“கேட்டா, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கறாருங்கறா. ஷிஃப்டுக்கு வெறுங்காலோடயா போனாரு? உள்ள ஒரு இருமல் சத்தம்கூட இல்ல. எனக்கென்னமோ புருசனே இல்லேன்னு தோணுது.”

“ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னியா?”

“இன்னும் இல்ல. தெரிஞ்சா உடனே காலி பண்ணச் சொல்லிடுவாரு. தனியா இருக்கற பொம்பளைக்கு அவரு வீடு தரமாட்டாரு.”

மூத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கு வாசல் பெருக்கறப்ப அந்த வலையத் தட்டி விட்டுடு. ஷூவையும் கொஞ்சம் திருப்பி வை.”