ஒரே கல்லூரிக்கு எழுதிய விண்ணப்பம்

தோட்டத்து வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் நல்லகண்ணு அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் மூத்தோரே! மகனின் மதிப்பெண் சான்றிதழை மடியில் வைத்து, மடங்கிவிடாமல் காத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும், மயிலாடும்பாறையிலிருந்து இரண்டு பேருந்து மாறியும் வந்திருக்கும் பெற்றோரே! பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்ற கேள்வியைக் கண்ணில் வைத்திருக்கும் என் கண்மணிகளே! எல்லோருக்கும் இந்தப் பழைய வணிகவியல் வாத்தியாரின் வணக்கம், ஸலாம்.

மேலாண்மைப் படிப்பில் இடம் கிடைக்கும் வாய்ப்பை எப்படி எடை போடுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாரது, கடைசி வரிசையில் கை தூக்குவது? குருசாமியா? கேளுங்கள். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "சார், எம் மகளுக்கு அந்தப் பெரிய காலேஜுல எடம் கெடைக்குமா, கெடைக்காதா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறார். அதற்குச் சுப்புத்தாய் அக்கா கொடுத்த பதில் எனக்கே கேட்டுவிட்டது: "ஒத்த வார்த்தையில சொல்ல அவுக என்ன குறி சொல்றவுகளா? உக்காருங்கய்யா!"

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் குருசாமி கேட்ட கேள்வியை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். ஏனென்றால் அதே கேள்விக்கு ஒருமுறை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவன் நான். முப்பத்தோரு ஆண்டு கரும்பலகையில் கணக்கெழுதிய இந்தக் கை, அன்று ஒரு பிள்ளையின் கணக்கைத் தவறாகப் போட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளையின் தகப்பனாரிடம் அனுமதி கேட்டேன். "பேரச் சொல்லியே சொல்லுங்க சார், நாலு பேருக்காவது ஒதவட்டும்" என்றார்.

கம்பத்தில் கலீல் ரஹ்மானைத் தெரியாதவர் யார்? பன்னீர் திராட்சை வியாபாரி. பழம் பந்தலில் தொங்கும்போதே தோட்டத்தைச் சுற்றி வந்து, இத்தனை டன் தேறும் என்று சொல்லுவார். பறித்து எடை போட்டால் அவர் சொன்னதற்குப் பக்கத்தில் நிற்கும். அவருக்கு ஒரே மகள், முபீனா. என் மாணவி.

அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆசை. வடக்கே ஒரு பெரிய நகரத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சேர்ந்து ஐந்து ஆண்டு மேலாண்மை படிக்கும் ஒரு கல்லூரி. அதில் சேர வேண்டும். ஏன் ஆசைப்பட்டாள்? பெரிய கட்டடத்துக்காகவா? பெருமைக்காகவா? அவள் என்னிடம் சொன்னது இது: "சார், பழம் நம்ம பழம். பந்தல் நம்ம பந்தல். வெலய மட்டும் எங்கனயோ இருக்கிற எவனோ வைக்கிறான். அது எப்பிடின்னு கத்துக்கிறணும் சார்." சொல்லிவிட்டு மேற்கே மலையைப் பார்த்தாள். அந்த மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏங்குகிற கண்கள். அந்தக் கண்களை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். இதோ இந்த மண்டபத்திலும் பார்க்கிறேன்.

கலீல் ரஹ்மான் என்னை வீட்டுக்கு அழைத்தார். தேநீர் வந்தது. கேள்வியும் வந்தது. "கெடைக்குமா சார்?"

நான் காகிதம் எடுத்தேன். இடங்கள் நூற்றைம்பது. விண்ணப்பம் போடுகிறவர்கள் முப்பதாயிரம் பேர். வகுத்தேன். "நூற்றுக்கு அரை" என்றேன்.

"அரைங்கிறதெல்லாம் ஒரு கணக்கா சார்? விட்ரு ஆத்தா" என்றார் மகளிடம்.

அந்தப் பிள்ளை அழவில்லை. தகப்பனிடம் அமைதியாகக் கேட்டாள். "அத்தா, இந்தப் பள்ளத்தாக்குல மொத்தம் எத்தன டன்னு, எத்தன தோட்டம்னு வகுத்துப் பாத்தா நீங்க ஒரு தோட்டத்துக்கு மதிப்புச் சொல்லுவீக?"

"அது எப்பிடிச் சொல்ல? உள்ள போயி எலையத் தூக்கிப் பாக்கணும்ல?"

"அப்ப என்னையவும் பாத்துட்டுச் சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து அவள் தாயார் லத்திபா குரல் கொடுத்தார்: "எலையத் தூக்கலாம், இவளத் தூக்க முடியுமா? திங்கிற தீனி அப்பிடி!" வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லோரையும் சேர்த்து வகுத்தால் கிடைப்பது கூட்டத்தின் வாய்ப்பு. அது என் பிள்ளையின் வாய்ப்பு ஆகுமா? ஆகாது. வகுத்தல் தெரிந்த வாத்தியாருக்கு, வகுப்பில் இருந்த பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை.

பிறகு ஒழுங்காக எடை போட்டோம். பத்து ஞாயிற்றுக்கிழமை, பத்து மாதிரித் தேர்வு. நேரம் வைத்து எழுதினாள். நல்ல தாளை மட்டும் காட்டினால் கலீல் ரஹ்மான் விடமாட்டார். "வாசப்பக்கத்துக் கொத்தக் காட்டித்தான் சார் ஏமாத்துவாக. மூலைக்கு மூல பாக்கணும்" என்று பத்துத் தாளையும் பாயில் பரப்பிவிட்டார். முந்தைய ஆண்டு எத்தனை மதிப்பெண் வரை அழைத்தார்களோ, அந்தக் கோட்டைப் பத்தில் மூன்று முறை தாண்டியிருந்தாள். பத்துக்கு மூன்று! எங்கே நூற்றுக்கு அரை, எங்கே பத்துக்கு மூன்று? அன்று அந்த வீட்டில் ஏக்கத்துக்கு ஓர் எண் கிடைத்தது.

இனிமேல்தான் பெரிய தவறு வருகிறது, தாய்மார்களே. நம் பள்ளத்தாக்குக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

விண்ணப்பம் போடும் நாளில் நான் சொன்னேன், "இதே படிப்பு இன்னும் சில கல்லூரிகளில் இருக்கிறது. அவற்றுக்கும் போட்டு வைப்போம்." கலீல் ரஹ்மான் முகம் சிவந்துவிட்டது. "ஒரு தோட்டத்துக்குக் கை குடுத்துட்டு அடுத்த தோட்டத்துக்குள்ள எட்டிப் பாக்குறவன் யாவாரியா சார்? நம்ம பக்கம் அவன எவன் மதிப்பான்? எம் மக ஒரு எடத்த நெனைச்சிருக்கா. அந்த ஒரு எடத்துக்குத்தான் போடுவா."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? மெய்சிலிர்த்தேன்! நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே? அந்த நேர்மை என் நெஞ்சைத் தொட்டது. தொட்ட நேர்மை என் அறிவைத் தூங்க வைத்தது. பத்துக்கு மூன்று என்றால், பத்துக்கு ஏழு முறை கதவு மூடும் என்பதும் அதே கணக்குத்தானே? வாய் திறக்காமல் வந்துவிட்டேன்.

முபீனா எழுத்துத் தேர்வைத் தாண்டினாள். நேர்காணலையும் முடித்தாள். பட்டியல் வந்தது. இடம் கிடைத்தவர்களில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. வரிசை எண் நாற்பத்தொன்று.

நாள்தோறும் மாலை நான்கு மணிக்குப் புதுப் பட்டியல் போடுவார்கள். நான்கு மணி ஆனால் கலீல் ரஹ்மான் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் பந்தலை விட்டு வெளியே வந்துவிடுவார். உள்ளே சிக்னல் கிடைக்காது. வரப்பில் நின்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பத்தொன்று முப்பத்து மூன்றானது. முப்பத்து மூன்று இருபத்தாறானது. இருபத்தாறு பதினேழானது. கூடவே தோட்டக்காரர்களும் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். "பாய், இன்னிக்கு எத்தன?" என்று சின்னக்கருப்பு மருந்து டிரம்மை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார். பதினொன்று! ஏழு! நான்கு! இரண்டு!

இரண்டில் நின்றது.

மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. நான்காம் நாள் பட்டியலை மூடிவிட்டார்கள்.

அன்று மாலை கலீல் ரஹ்மான் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "சார், அந்த முப்பத்தொம்பது பேரு எப்பிடி நகந்தாக?"

"மேலே இருந்தவர்களுக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். இதை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்."

"அப்ப அவுகள்லாம் பல எடத்துல போட்டு வச்சவுகளா?"

"ஆமாம்."

"எத நான் கேவலம்னு சொன்னேனோ, அதச் செஞ்சவுகதான் எம் மகளுக்கு ஒவ்வொரு படியா எறங்கி வழி விட்டாகளா?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். பத்தடி போய்த் திரும்பி, "நீங்களாவது சத்தம் போட்டுருக்கலாம்ல சார்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுவது போலக் கேட்டார். உறவுகளே, ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த ஒரு வரிதான்.

முபீனா பக்கத்துக் கல்லூரியில் பி.காம் சேர்ந்தாள். மறு ஆண்டும் நுழைவுத் தேர்வு எழுத அந்த மேலாண்மைக் கல்லூரிகளில் அனுமதி உண்டு. கலீல் ரஹ்மான்தான் முதலில் காகிதத்தோடு வந்தார். "இது வேற யாவாரம் சார். இங்கன எல்லாத் தோட்டமும் பாக்கணும்." மூவரும் உட்கார்ந்து ஐந்து இடம் தேர்ந்தெடுத்தோம். ஆசைக்கு இரண்டு, அளவுக்கு இரண்டு, அடைக்கலத்துக்கு ஒன்று. குருசாமி, எழுதிக்கொள்ளுங்கள்! ஆசைக்கு எழுதும் இடம் பத்துக்கு இரண்டோ மூன்றோ வாய்ப்புள்ளது. அளவுக்கு எழுதுவது பத்துக்கு ஐந்து. அடைக்கலம் என்பது ஏறக்குறைய உறுதியாகக் கிடைப்பது. ஆனால் கிடைத்தால் மனமுவந்து படிக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். ஐந்து இடம் போட்டதால் வாய்ப்பு ஐந்து மடங்காகிவிடுமா? ஆகாது. எழுதுவது ஒரே பிள்ளை. அவளுக்குக் காய்ச்சல் கண்டால் எல்லாத் தேர்விலும் தடுமாறுவாள். ஆனாலும் ஒரு கதவை மட்டும் பார்த்து நிற்பதைவிட, ஐந்து கதவைத் தட்டுவதில் ஆயிரம் மடங்கு நிம்மதி உண்டு.

என்ன ஆனது என்கிறீர்களா, அக்கா? அவள் ஆசைப்பட்ட அந்த முதல் கல்லூரி இந்த முறை காத்திருப்போர் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. ஆம், "அய்யோ" என்கிறீர்கள். அவளும் சொன்னாள். இன்றுவரை அந்த ஏக்கம் ஆறவில்லை. அந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் இப்போதும் பேச்சை மாற்றுவாள். எல்லா ஏக்கத்தையும் ஆற்றி வைக்க எந்தக் கணக்காலும் முடியாது. நான் அப்படிச் சொன்னால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

ஆனால் இரண்டு இடம் வந்தது. அளவுக்கு எழுதியதில் ஒன்று, இரண்டு நாள் ரயில் பயணம். அடைக்கலத்துக்கு எழுதியது மதுரைக்குப் பக்கத்தில், ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவள் தொலைவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தாள். மதுரையில் இருப்பதைவிடக் கடினமான படிப்பு, அவள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கும் படிப்பு.

மதுரை இடத்தை விட வேண்டும். கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். என்னையும் அழைத்திருந்தார்கள். லத்திபா சொன்னார், "இருக்கட்டுமே, கடேசி நாள் வரைக்கும் வச்சிருப்போம். பிள்ள மனசு மாறுனாலும் மாறும்." தாயின் ஏக்கம் அது, குறை சொல்ல நாம் யார்? முபீனாவின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்தவில்லை. அதை அழுத்தினால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். தகப்பனைப் பார்த்தாள்.

கலீல் ரஹ்மான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"அமுக்கு ஆத்தா" என்றார். "எங்கனயோ ஒரு அத்தா நாலு மணிக்குப் போனையே பாத்துக்கிட்டு நிப்பாரு."

அழுத்தினாள்.

கைதட்டாதீர்கள். கைதட்டுவதற்குப் பதிலாக இரண்டு காரியம் செய்யுங்கள். என் அன்புப் பெற்றோரே, ஒரே இடத்தை நம்பி உங்கள் பிள்ளையை நிறுத்தாதீர்கள். பல இடத்துக்கு எழுதுவது வாக்குத் தவறுவதல்ல, வழி தேடுவது! என் கண்மணிகளே, உங்களுக்கு இடம் கிடைக்கட்டும். ஒன்றுக்கு மேல் கிடைக்கட்டும். வேண்டாத இடத்தை அன்றைக்கே விடுங்கள்! ஒரு நாள் தாமதித்தால் ஒரு பட்டியல் மூடும். ஒரு பட்டியல் மூடினால் முகம் தெரியாத ஒரு பிள்ளையின் மலை அப்படியே நிற்கும். அந்தப் பிள்ளை தேவாரத்துப் பிள்ளையாக இருந்தால் என்ன, தொலைதூரத்துப் பிள்ளையாக இருந்தால் என்ன? ஏங்குகிற பிள்ளை எல்லாம் நம் பிள்ளை அல்லவா?

பேருந்து நேரத்தையும் மறந்து அமர்ந்திருந்த குருசாமிக்கும், அவரை அமர வைத்த சுப்புத்தாய் அக்காவுக்கும், தலைவர் அவர்களுக்கும், தவறு செய்த ஒரு வாத்தியாரின் கதையைப் பொறுமையோடு கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நன்றி. விண்ணப்பத் தாள்களோடு கீழே மேசையில் இருப்பேன். இந்த முறை நிச்சயம் சத்தம் போடுவேன். வாருங்கள், வணக்கம்.