குன்றுக்குப் பொய்ச் சாட்சி வேண்டாம்

தலைமையேற்றிருக்கும் கோவிந்தராஜன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் குன்றுப் பாதுகாப்புக் குழுத் தோழர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லீனா அம்மா அவர்களே, லிங்கராஜபுரத்திலிருந்தும் அத்திபெலேயிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெருமக்களே!

நிலவியல் பேராசிரியர் ஓஸ்வால்ட் போய்விட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் கல்லும் கையுமாக அவரைச் சூழ்ந்துகொள்வோமே, மறக்க முடியுமா? "டைனோசர் எலும்பு சார்!" என்று நீட்டினால் என்ன செய்வார்? நாக்கால் நக்கிப் பார்ப்பார்! பழங்கால எலும்பென்றால் நாக்கில் ஒட்டுமாம். "ஒட்டல ப்பா. வெறும் கல்லு" என்பார். லீனா அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அத்திபெலே பக்கம் நம் குன்றுக்கு வெடிவைக்க வந்தார்களே, அப்போது கிடைத்தது இதோ என் கையிலிருக்கும் கல். உள்ளே பெரணி இலையை அச்சடித்தாற்போல் இருக்கிறது. புதைபடிவம் என்றால் குன்று பிழைக்கும் என்று துள்ளினோம். அவரோ லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "எலைன்னா நடுநரம்பு இருக்கணும். இதுல இல்ல. விரிசல்ல தண்ணி எறங்கி விட்ட கறை" என்றார்.

நம் குழுவின் க்ளென் கொதித்துப்போனார். "சும்னே, பேருக்கு ஃபாசில்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். கை நோவுமா?"

"கை நோவாது. கோர்ட்ல எதிர் வக்கீல் ஒடைச்சிட்டா குன்று போயிடும். ஒலகத்துல எலையே பொறக்காத காலத்துப் பாறை ப்பா இது. அத சொல்லு!"

துரோகி என்றார்கள். மறுநாள் காலை ஜேசிபிக்கு முன்னால் முதல் ஆளாக நின்றவர் யார்? அந்தத் துரோகிதான்!

நேற்று அவரை அடக்கம் செய்த ஈரம் காயவில்லை. கல்லறை வாசலிலேயே ஒருவர் என் காதைக் கடிக்கிறார்: "அவர்தான் போயிட்டாரே மேடம், வேற ஆள வெச்சு ஃபாசில்னு வாங்கிடலாம்." நடக்காது! கல்லூரியில் அவருக்குப் பக்கத்து மேசையில் வேதியியல் நடத்திய இந்த மௌரீன் உயிரோடு இருக்கும்வரை நடக்காது! உயிரோடு இருந்தபோது வளைக்க முடியாத மனிதரை, செத்த பிறகு வளைப்பீர்களோ?

திங்கட்கிழமை கோர்ட்டில் நம் குன்று வழக்கின் விசாரணை. இந்தக் கல்லை நானே எடுத்துப்போவேன். எதிர் வக்கீல் கேட்பதற்கு முன்பே, "இது இலை இல்லை" என்று நானே சொல்வேன். அதற்குப் பிறகு குன்றின் வயதைச் சொல்லும்போது என்னைப் பொய்க்காரி என்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது?

எழுந்து நில்லுங்கள். மௌன அஞ்சலி வேண்டாம், அவர் மௌனமாக இருந்தவரில்லை. வெடி வைப்பவன் காதில் விழும்படி, என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்:

வெறும் கல்தான்! எங்கள் கல்!