இசக்கிதுரை பெயரில் ஒரு கோப்பை

மாலையின் பாரத்தையும் மைக்கின் கீச்சொலியையும் ஒருசேரத் தாங்கி, மலர்ந்த முகத்தோடு தலைமை ஏற்றிருக்கும் படப்பைக் கபடிக் குழுத் தலைவர் குமாரவேல் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுத்தராத பெரியவர்களே! மடியில் பிள்ளையும் முகத்தில் பெருமையுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! முதல் ஷிப்டு முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருக்கும் ஒரகடத்துத் தோழர்களே, தோழியரே! மறைந்த நம் பயிற்சியாளர் இசக்கிதுரையின் மனைவி உலகம்மாள் அம்மையாரே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் செய்தி எழுதிப் பிழைப்பவன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மகளிர் கோப்பைக்கு இசக்கிதுரை பெயரைச் சூட்டலாமா என்று காலையில் குழு கூடியது. "குடிகாரன் பேர்ல பொம்பளப் பசங்களுக்குக் கப்பா? ஊரே சிரிக்கும்பா" என்றார் ஒருவர். யார் அவர்? நம் தலைவரேதான்! (சிரிக்காதீர்கள், அவரும் சிரிக்கிறார்.) பிறகு என்னிடம், "நீ மேடைல பேசு, சனம் கேக்கட்டும், அப்பால முடிவு பண்லாம்" என்றார். அதற்காகத்தான் நிற்கிறேன்.

குடித்தாரா? குடித்தார். மறைத்தாரா? மறைக்கத் தெரியாமல் குடித்தார்! ஏலக்காய் மென்றார், கொய்யா இலை மென்றார், ஒருநாள் பற்பசையையே மென்றார். நுரை ததும்பும் வாயோடு வந்தவரைப் பார்த்து, அதோ நிற்கிறாரே நம் ஆட்டக்காரி யுவஸ்ரீ, "இன்னா மாஸ்டர், வாய்ல வாஷிங் மிஷின் ஓடுது?" என்று கேட்டார்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்து ஆலைக்குப் பாரவண்டி ஓட்ட வந்தவர் அவர். ஆலையில் வேலை முடிந்ததும், விலை போகாத வீட்டுமனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆலை விடுதிப் பெண்களுக்கு வீரம் சொல்லிக் கொடுத்தார். அணித்தலைவி கனிஷ்காவின் தந்தை தென்காசியிலிருந்து போனில் சீறினார்: "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குய்யா கபடி?" இவர் பணிவோடு சொன்ன பதில் என்ன தெரியுமா? "அண்ணாச்சி, ஒங்க மவ என் காலப் பிடிச்சு இழுத்ததுல ரெண்டு நாளா நொண்டுதேன். இவள வீட்டுல வச்சா வீடு தாங்காது." தந்தை சிரித்துவிட்டார். மகள் ஆடவந்தார்.

கபடியில் அவுட்டானவர் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். தன் அணி எதிராளியை வீழ்த்தினால்தான் மறுபடி உள்ளே வரலாம். இந்த விதியைத் தனக்கும் வைத்தார் மனிதர்! "ஏட்டி, நா குடிச்சிட்டு வந்தா நானும் அவுட்டு. யோசிக்காம வெளிய உக்கார வையுங்க" என்றார்.

மறைமலை நகர் இறுதிப்போட்டி. அன்றைக்கா குடிப்பார்? அன்றைக்குத்தான் குடித்தார்! கனிஷ்கா கையை நீட்டினார்: "மாஸ்டர், அவுட்டு. வெளிய இரிங்க." வாயில் விரல் வைத்துச் சின்னப்பிள்ளைபோல் உட்கார்ந்தார். எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் ஓடினார்: "சார், அந்தாளு பேசாம குந்திகினு சைகை காட்றாரு!" என்ன சைகை? கொசு கடித்த இடத்தைச் சொறிந்தார், அவ்வளவுதான்! அவர் இடது காதைச் சொறிய, எதிரணி மொத்தமும் இடப்பக்கம் பாய, யுவஸ்ரீ வலப்பக்கம் தொட்டுத் திரும்பினார். வென்றோம்! (அடியுங்கள் விசிலை, இப்போது அடிக்கலாம்.)

தள்ளாடிக்கொண்டே எழுந்து வந்தார். "பாயிண்டு எடுத்தாச்சுல்லா, நா உள்ள வரட்டா, ஏட்டி?" எல்லாரும் சிரித்தோம். கனிஷ்கா மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஊதிக் காட்டுங்க. அப்புறம் வரலாம்."

மறுநாள் தாமாகவே மறுவாழ்வு மையத்துக்குப் போனார். மீண்டார், சறுக்கினார். மறுபடி போனார், மறுபடி சறுக்கினார். மூன்றாம் முறை போகத் துணி எடுத்து வைத்தபோது கல்லீரல் காத்திருக்கவில்லை. வென்றார் என்று நான் எழுத முடியாது. போராட்டத்தை விட்டுவிட்டார் என்றும் எழுத முடியாது.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தக் குடிகாரன் "என்னை வெளியே உட்கார வை" என்று பெண்ணின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தான்? கொடுத்தபின், அவள் "வெளியே" என்றதும் எவன் எதிர்க்காமல் எழுந்து போனான்? கையோங்கும் குடிகாரனைக் கண்டிருக்கிறோம், கட்டுப்பட்டவனைக் கண்டிருக்கிறோமா? "வெளியே" என்று சொல்லும் துணிச்சலைப் பெண்களுக்குப் பழக்கியவன் பெயரைப் பெண்கள் கோப்பைக்கு வைக்காமல், வேறு யார் பெயரை வைப்பது?

கைதட்டல் போதும், உலகம்மாள் அம்மா எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் அம்மா... கேட்டீர்களா? "பேரு வச்சா குடிச்சாருங்கதையும் சேத்துச் சொல்லணும்யா. மறச்சு வைக்கதா இருந்தா வேண்டாம். அவரு மல்லுக்கட்டுனதும் சேந்து மறஞ்சுரும்லா" என்கிறார்.

தலைவர் அருகில் வருகிறார். என்ன சொல்கிறீர்கள் தலைவரே? "இசக்கிதுரை கப்பு தான்பா. குட்சதையும் நானே சொல்றேன், மைக்கக் குடு."

தருகிறேன். இதைவிட நல்ல செய்தி இன்று எனக்குக் கிடைக்காது. பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. ஆடப்போகும் பெண்களுக்கு வாழ்த்து. வணக்கம்!